முயல் காலும் என் தலையும்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு ஒரு முயல் வந்தது. செல்லமாக வளர்க்க அல்ல. என் தலையில் தேய்க்க.

இதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். முயல் ரத்தம் விட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தேய்த்தால் சொட்டையில் முடி முளைக்கும் என்று அன்றைக்கு எங்கள் ஏரியாவில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பாதிப் பேருக்கு முடி இருந்தது, அதனால் அவர்கள் யோசிக்கவில்லை.

எனக்கு இருபத்தைந்து வயதுக்குள்ளேயே நெற்றி மேலே ஏற ஆரம்பித்து, உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. இதில் பிழைப்பு வேறு பிரேசர் டவுனில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில். பிரேம் மாட்டிப் பார்க்க வருகிறவர்களுக்காக நாலு சுவரிலும் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்திருந்தார் முதலாளி. காலை முதல் சாயங்காலம் வரை என் தலையை நான் முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். எதிரிக்குக்கூட அந்த வேலை வரக் கூடாது.

அப்பாவிடமிருந்து வந்த சொத்து அந்தச் சொட்டை. அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தது. கூடத்தில் மாலையோடு தொங்குகிற படத்தில் மைசூர் பேட்டா தலைப்பாகை கட்டிக்கொண்டு ராஜா மாதிரி இருப்பார். ஸ்டூடியோக்காரனுடைய பேட்டா. அம்மாதான் அதை வாங்கி மாட்டிவிட்டு, "இப்பதான் ஆம்பள மாதிரி கீறீங்க" என்றாளாம். என் விஷயத்திலும் அம்மா அதே வேலையைச் செய்தாள். கல்யாணத் தரகரிடம் கொடுக்க என்னுடைய பழைய போட்டோ ஒன்றைத் தேடி எடுத்தாள். அதில் என் தலையில் ஒரு காடே இருந்தது.

பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, "நீங்க மாப்பிள்ளைக்கு அண்ணனா, தம்பி?" என்று கேட்டார்.

பஜ்ஜி தட்டோடு நின்றிருந்த பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். எனக்கு அவமானத்தில் காது சுட்டது, ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. தரகர் உடனே, "டைபாய்டு காய்ச்சல்ல கொட்டிடுச்சு சார், மருந்து நடக்குது, வந்துரும்" என்று அடித்துவிட்டார். "அப்டியா? வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றார் பெண்ணின் அப்பா. என் தலையில் முடி வந்தால் கல்யாணம், வராவிட்டால் இல்லை. ஆட்டோவில் திரும்பும்போது அம்மா முடிவு பண்ணிவிட்டாள்.

"கடையில விக்கற எண்ணெய்ல செவப்புச் சாயம்தான் கலக்கறானுங்க. நம்மளே முயல் வாங்கி, நம்ம கண்ணு முன்னாடி காய்ச்சணும்."

அப்படித்தான் ஒரு வெள்ளை முயல் வந்தது. பொட்டை. சிவப்புக் கண், விடைத்த காது, யாரையும் மதிக்காத முகம். லவ் பேர்ட்ஸ் வளர்த்த ஒரு வீட்டிலிருந்து பழைய கம்பிக் கூண்டு ஒன்றை அம்மா வாங்கிவந்தாள். அடியிலும் கம்பி வலைதான். புழுக்கை எல்லாம் கீழே விழுந்துவிடும், வீடு சுத்தமாக இருக்கும் என்று அம்மாவுக்குப் பெருமை. தினமும் காலையில் கூண்டோடு சேர்த்து பினாயில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவாள். முயலுக்குப் பேர் வைக்கக் கூடாது என்று வேறு உத்தரவு. "பேரு வெச்சா பாசம் வந்துரும்" என்றாள்.

எண்ணெய் காய்ச்சுகிறவர் சிவாஜி நகர் பக்கம் இருந்தார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். அமாவாசைக்கு அமாவாசை எங்கள் பக்கம் வந்து, முயலைப் பார்த்து, சரியாக இருந்தால் அன்றைக்கே அடுப்பைப் பற்றவைப்பார். முதல் அமாவாசைக்கு வந்தவர் முயலைக் காதைப் பிடித்துத் தூக்காமல், மார்போடு அணைத்துத் திருப்பி, பின்னங்காலைப் பார்த்தார். பார்த்ததும் உச்சுக்கொட்டினார்.

"அம்மாவ்ரே, ஈ காலு நோடி. புண்ணு."

குனிந்து பார்த்தோம். ரெண்டு பின்னங்கால் குதிகாலிலும் முடி உதிர்ந்து, தோல் சிவந்து, நடுவில் வெடித்துப் போயிருந்தது. அது ஏன் எப்போதும் ஒரு காலைத் தூக்கி, இன்னொரு காலைத் தூக்கி, ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரி நின்றது என்று அப்போதுதான் புரிந்தது.

"புண்ணு இருக்கற உயிர எண்ணெயில போட்டா, அந்தப் புண்ணு அப்படியே தலைக்கு ஏறும். ஆமேலே, அப்புறமா என்னைக் கேக்கக் கூடாது" என்றார் எண்ணெய்க்காரர். "ஃபர்ஸ்ட் கால ஆற வைங்க. அடுத்த அமாவாசைக்கு பாக்கலாம்."

அவர் காபி குடித்துவிட்டுப் போனதும் அம்மா என் பக்கம் திரும்பினாள். "முடி யாருக்கு வேணுமோ அவனே வைத்தியம் பாக்கட்டும்."

அன்றிலிருந்து நான் முயல் டாக்டர். ஒரு நோயாளியை இவ்வளவு அக்கறையாகக் கவனித்த வைத்தியன் உலகத்திலேயே இருக்க மாட்டான். அது பிழைத்தால்தானே அதைக் கொல்ல முடியும்.

முதலில் உப்புத் தண்ணீர். வெதுவெதுப்பாக ஒரு கிண்ணத்தில் எடுத்து, முயலை மடியில் மல்லாக்கப் போட்டு, பஞ்சால் ஒற்றினேன். ஒரு உதை விட்டது பாருங்கள், கிண்ணம் பறந்து, தண்ணீர் முழுக்க என் கண்ணில். தங்கச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணா, கண்ணுல புண்ணு இருந்தா அதுவும் ஆறிடும்." அவள் டைப்ரைட்டிங் கிளாஸ் போய்க்கொண்டிருந்தாள், அதுவும் சாயங்காலம்தான், மற்ற நேரமெல்லாம் வீட்டில் வேடிக்கை பார்ப்பதுதான் வேலை.

அடுத்தது அம்மாவின் வைத்தியம். விரலி மஞ்சளை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவினோம். தடவி முடித்துக் கையைத் துடைப்பதற்குள் முயல் அதை நக்கித் தின்றுவிட்டது. மறுபடி தடவினேன், மறுபடி நக்கியது. நக்கின வாயால் உடம்பு முழுக்கத் துடைத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் வெள்ளை முயல் மஞ்சள் முயலாகிவிட்டது. தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க வருகிற பெண்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னா, வயசுக்கு வந்துடுச்சா? எங்களுக்கெல்லாம் சாப்பாடு கெடையாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் எதிர்த்து என்ன சொல்ல முடியும்? பார்க்க அப்படித்தான் இருந்தது.

அடுத்த அமாவாசைக்கு வந்த எண்ணெய்க்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இதேனு அம்மாவ்ரே! முயலுக்கு அரிசிண ஸ்நானம், மஞ்சக் குளியல் பண்ணிட்டீங்களா?" புண் அப்படியேதான் இருந்தது. காபி குடித்துவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டு பாய் வீட்டம்மாவுக்கு விஷயம் எட்டியது. அவர் அம்மாவை அக்கா என்பார், என்னை மகனே என்கிற மாதிரி பேட்டா என்பார். எண்ணெய் விஷயம் அவருக்குத் தெரியாது. நாங்கள் ஆசையாக வளர்க்கிறோம் என்று நினைத்திருந்தார். "அரே, பாவம் பேட்டா அது! மஞ்சள் போதாது. வேப்பிலை போட்டுக் காய்ச்சின தண்ணில கழுவு, அப்புறம் ஷஹத் தடவு, நல்ல தேனு. சரியாப் போயிடும்." தன் வீட்டுத் தேனையே ஒரு சின்ன டப்பாவில் கொடுத்துவிட்டு, என் தோளைத் தட்டினார். "நல்ல மனசு உனக்கு. வாயில்லா ஜீவன இப்டிப் பாத்துக்கறியே." நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்வது?

தேன் வேலை செய்தது, எறும்புக்கு. காலையில் எழுந்து பார்த்தால் வாசலிலிருந்து கூண்டு வரை ஒரு ஊர்வலம். முயல் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தது. அம்மா கத்த, தங்கச்சி கத்த, நான் பனியனைக் கழற்றி எறும்பை விரட்டினேன். பிறகு சமையலறையில் பால் ஸ்டாண்டுக்கு வைப்பது மாதிரி, கூண்டின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றின டம்ளரில் வைத்தேன். காபி டம்ளருக்குப் பஞ்சமாகிவிட்டது.

நக்காமல் இருக்கக் கட்டுப் போட வேண்டும் என்று தோன்றியது. தங்கச்சி குழந்தைச் சாக்ஸ் வாங்கிவந்து மாட்டினாள். முயல் அதைத் தின்றது. பூவேலைப்பாடு இருந்த பகுதியை மட்டும் மிச்சம் வைத்தது. கடையில் லென்ஸ் துடைக்கிற மெத்தென்ற துணி ஞாபகம் வந்தது. முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

"எதுக்குடா?"

"முயல் காலுக்கு சார்."

முதலாளிக்கும் உச்சியில் பளபளதான். விவரத்தை முழுசாகக் கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "துணி எவ்ளோ வேணுமோ எடுத்துக்கோ. எண்ணெய் வந்தா எனக்கும் ஒரு பாட்டில்" என்றார்.

லென்ஸ் துணி, தங்கச்சியின் ரிப்பன், வேப்பிலைத் தண்ணீர், லேசாகத் தேன். கட்டு நின்றது, ஆனால் புண் ஆறவில்லை. ஆறுகிற மாதிரி வரும், மறுபடி வெடிக்கும். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடித்தால் இருக்கிறதும் கொட்டும் என்று விட்டுவிட்டேன்.

வழி கிடைத்தது கடையில்தான். பண்டிகைக் கூட்டம், நாள் முழுக்க மொசைக் தரையில் நின்று என் குதிகால் ரெண்டும் விண் விண்ணென்று தெறித்தது. முதலாளி நிற்கிற இடத்தில் மட்டும் தேங்காய் நார் மிதியடி போட்டிருந்தார். அவர் சாப்பிடப் போனபோது அதில் ஏறி நின்றேன். அடடா! உயிர் திரும்பி வந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் கூண்டுக்குள் கையை விட்டு, கம்பி வலை மேல் உள்ளங்கையை வைத்து, உடம்பு எடை முழுக்க அழுத்திக்கொண்டு இருந்தேன். எடுத்துப் பார்த்தால் கை முழுக்கக் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. கொஞ்ச நேரத்துக்கே இப்படி. முயல் ராவும் பகலும் அதன் மேல்தான் நின்றது. அதுவும் பினாயில் ஈரத்தில். வெறுங்காலில்.

அன்றே கம்பி மேல் பலகை போட்டேன், பலகை மேல் சாக்கு, சாக்கு மேல் மாடு வைத்திருந்த வீட்டில் வாங்கிவந்த ராகி வைக்கோல். பினாயிலுக்குத் தடை போட்டேன். அம்மா ருத்ர தாண்டவம் ஆடினாள்.

"என் வூட்ட மாட்டுக் கொட்டாய் ஆக்கிட்டியேடா! இந்த நாத்தத்துல யாரு சோறு துன்றது?"

"நான் தினம் ரெண்டு வேளை வைக்கோல் மாத்தறேன். நீ வாளியத் தூக்கினு இந்தப் பக்கம் வராத!"

"முடிக்காக இப்டி அலையறானே" என்று அம்மா அப்பா படத்திடம் முறையிட்டாள்.

சொன்னபடியே மாற்றினேன். வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, முயலை வெளியே விட்டுவிட்டு, தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வேன். அது பாவாடை கட்டின கிழவி மாதிரி மெல்ல நடந்து வந்து, என் தலைமாட்டில் உட்கார்ந்து, என் சொட்டையை நக்கும். வேர்வையின் உப்புக்காகத்தான், வேறொன்றும் இல்லை. சொரசொரவென்ற சின்ன நாக்கு. முதல் தடவை சீ போ என்று தள்ளினேன். அப்புறம் தள்ளவில்லை. என் தலையை யாரும் அப்படித் தொட்டதே கிடையாது. தொடுகிறவர்களெல்லாம் உச்சுக்கொட்டிக்கொண்டுதான் தொடுவார்கள்.

"அடுப்பு எதுக்குண்ணா, நேரா ட்ரீட்மென்ட்டே நடக்குதே" என்றாள் தங்கச்சி.

நடுவில் ஒரு அமாவாசை மழையில் போனது, எண்ணெய்க்காரர் வரவில்லை. தரகர் மட்டும் வந்து பெண் வீட்டில் கேட்கிறார்கள் என்று சொல்லி, என் தலையை உற்றுப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். ஆனால் புண் ஆறத் தொடங்கிவிட்டது. சிவப்பு மங்கி, வெடிப்பு மூடி, தோல் காய்ந்தது. ஒரு நாள் கட்டை அவிழ்த்து வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன். குதிகாலில் பூனை முடி மாதிரி மெல்லிசாக ஒரு வெள்ளை. விரலால் தடவிப் பார்த்தேன். முடியேதான்!

"வந்துடுச்சு! முடி வந்துடுச்சு!" என்று கத்தினேன். அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து என் தலையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கடா? எங்க?"

"என் தலையில இல்லம்மா, இது கால்ல."

கரண்டியால் அடிக்க வந்தாள். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். என் சொந்தத் தலையில் முளைத்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷம் வந்திருக்குமா என்று தெரியவில்லை.

தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. முயலின் காலைப் பார்த்துக்கொண்டே, "அண்ணா, அப்ப வர்ற அமாவாசைக்கு..." என்று இழுத்தாள்.

"போய் உன் வேலையப் பாருடி!" என்று எரிந்து விழுந்தேன். அவள் மேல் கோபமே இல்லை. எனக்கு அந்த முயலைப் பிடித்துப்போயிருந்தது. அவ்வளவுதான் விஷயம். கார்மெண்ட்ஸ் பெண்ணின் சிரிப்பையும் நினைத்தேன், இதன் நாக்கையும் நினைத்தேன். ரெண்டையும் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. புண் ஆறின காலுக்கு மறுபடி கட்டுப் போட்டுவிட்டேன்.

அமாவாசையன்று எண்ணெய்க்காரர் வந்தார். இந்தத் தடவை பெரிய பித்தளைச் சட்டியும் கொண்டுவந்திருந்தார். "காலு ஹேகிதே, எப்டி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே கூடத்தில் உட்கார்ந்தார். அம்மா புதுத் தேங்காய் எண்ணெய் டின்னை எடுத்து முன்னால் வைத்துவிட்டு, "எடுத்துனு வாடா" என்றாள்.

எடுத்துக்கொண்டு வந்தேன். அது என் பனியனுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது. ரிப்பனை நானே அவிழ்த்தேன். லென்ஸ் துணியைப் பிரித்தேன். ரெண்டு குதிகாலும் பஞ்சு வைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தன. குருடனுக்குக்கூடத் தெரியும்.

"ஆறல" என்றேன்.

அம்மா கிட்டே வந்தாள். "எங்கடா ஆறல?"

"தோ, இங்க. வெளிய தெரியாது. உள்ளார கீது. அமுக்குனா வலிக்குது பாரு." அமுக்கிக் காட்டினேன். முயல் ஒரு அசைவும் காட்டாமல் ரிப்பனை மென்றுகொண்டிருந்தது. சதிகாரி, ஒரு உதையாவது விட்டிருக்கலாம்.

எண்ணெய்க்காரர் குதிகாலைத் தடவிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் முயலை விடவில்லை.

"ஹௌது, ஆமா" என்றார் கடைசியில், ரொம்ப சீரியஸாக. "உள்ள இருக்கற புண்ணு. அது சீக்கிரம் ஆறாது அம்மாவ்ரே." காபியைக் குடித்து முடித்தார். பித்தளைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, "ஆறினா சொல்லி அனுப்புங்க" என்று கிளம்பிவிட்டார்.

அம்மா கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"பொய் சொல்ற."

"ஆமா."

"அப்ப உன் தலைக்கு இன்னாடா வழி?"

"தலைக்கு இன்னாம்மா? முடி இல்ல, அவ்ளோதான. வலிக்கவா செய்யுது?"

அம்மா என்னையும் முயலையும் மாறி மாறிப் பார்த்தாள். எண்ணெய் டின்னை எடுத்துப்போய் அலமாரியில் வைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை டெலிபோன் பூத்துக்குக் கிளம்பினாள். என்ன செய்யப் போகிறாளோ என்று பயந்து, முயலைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். அம்மா தரகருக்குப் போன் போட்டாள். தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் எப்போதும் போனில் பேசுவாள்.

"ஹலோ, நான்தான் பேசறேன். அந்தப் பொண்ணு வூட்ல போயி சொல்லுங்க. மருந்துக் கதையெல்லாம் வேணாம். எம் பையனுக்கு முடி இல்ல, இனிமே வரவும் வராது. ஆங், ஆமா, அப்டியே சொல்லுங்க. ஆனா ஒரு உயிருக்கு நோவுன்னா கூடவே கெடந்து பாத்துப்பான். அதையும் சேத்து சொல்லுங்க."